கயிறு அறுந்த பிறகு

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். இது என் தம்பியைப் பற்றிய கடிதம். அப்பா இறந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். நான்தான் வளர்த்தேன். இப்போது குடிக்கு அடிமையாகிவிட்டான். வேலை போயிற்று. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போன வருடம் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்ட வைத்தேன். மூன்று மாதம் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் அவனே கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுக் குடித்துவிட்டு வந்தான். அவன் வாங்குகிற கடனையெல்லாம் நான்தான் அடைக்கிறேன். எங்காவது விழுந்து கிடப்பதாகப் போன் வந்தால் நான்தான் ஆட்டோ வைத்துக் கூட்டிவருகிறேன்.

நான் பிரதோஷம், சோமவாரம் எதையும் விட்டதில்லை. விரத நாளில் வெறும் வயிறு என்பதால் சர்க்கரை மாத்திரையும் போடுவதில்லை. உறவினர் ஒருவர் பரிகார பூஜை செய்யச் சொல்கிறார். நாற்பதாயிரம் ஆகுமாம். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். தோழி ஒருத்தி, ‘முழுசா நம்பியிருந்தா கயிறு அறுந்திருக்காது, உனக்கு நம்பிக்கை போதலை’ என்கிறாள். அது உண்மைதானோ என்று பயமாக இருக்கிறது. சத்தியத்தை மீறியதற்குச் சாமி தண்டிக்குமா? இவ்வளவு பெரிய கஷ்டத்துக்கு நடுவில் கடவுளை நம்பி எப்படி நடப்பது?

பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள அம்மா,

கோடையில் திருவதிகைக்குப் போய்வந்ததிலிருந்து அப்பரின் அக்கா திலகவதியாரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஒரு அக்கா, ஒரு தம்பி. அதனால்தான் மற்ற கடிதங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். நகையை அடகு வைக்காதீர்கள். நாற்பதாயிரம் கொடுத்தால்தான் மனமிரங்குவேன் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. தண்டிக்குமா என்றால், தண்டிக்காது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

மாத்திரை விஷயம் சின்னதல்ல. அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். விரதமிருந்து மாத்திரையை விடுவது பக்தி என்று யார் சொன்னார்கள்? சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து, நீங்கள் படுத்துவிட்டால் அந்த வீட்டில் யார் நிற்பது? உடம்பை வாட்டினால் இறைவன் இரங்குவான் என்று நினைப்பதும் ஒரு பேரம்தான். விரதம் இருந்தே ஆகவேண்டும் என்றால், எதைச் சாப்பிடலாம், மாத்திரையை எப்படி மாற்றிப் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு இருங்கள். கேட்காமல் ஒருநாள்கூட இருக்காதீர்கள்.

உங்கள் தோழியை எனக்குத் தெரியாது. நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது கொடுமை. துன்பப்படுகிறவரிடம் போய் ‘உன் நம்பிக்கை போதவில்லை’ என்று சொல்கிறவர், அவர் தோளிலிருக்கும் சுமையோடு இன்னொன்றையும் ஏற்றிவிட்டுப் போகிறார். கோயிலிலும் தேவாலயத்திலும் தர்காவிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். நோய் தீர்ந்தால் நம்பிக்கையின் வெற்றி, தீராவிட்டால் நோயாளியின் குறை. இந்தக் கணக்கில் சொல்கிறவருக்கு எப்போதும் நஷ்டம் இல்லை. இதை நீங்கள் மனதுக்குள் விடவே கூடாது.

சரி, திலகவதியாருக்கு வருகிறேன்.

அப்பர் கதை எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் இருந்து உயிரோடு வந்தார், நஞ்சு கலந்த பாற்சோறு அவரை ஒன்றும் செய்யவில்லை, மிதிக்க வந்த யானை வணங்கிவிட்டுப் போயிற்று, கல்லில் கட்டிக் கடலில் எறிந்தபோது அந்தக் கல்லே மிதந்தது. கடவுளை நம்பினால் என்ன நடக்கும் என்று பேச வருகிறவர்கள் இந்த நான்கையும்தான் சொல்வார்கள். நானும் சிறுவயதில் கதாகாலட்சேபங்களில் இவற்றைத்தான் வாய்பிளந்து கேட்டேன். இப்போது வயதான பிறகு என் மனம் அந்தக் கல்லிடம் போவதில்லை. அவருடைய அக்காவிடம்தான் போகிறது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொல்கிற கதை இது. நடந்ததாகச் சொல்லப்படும் காலம் 7ஆம் நூற்றாண்டு. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதி, இளையவர் மருணீக்கியார், பின்னாளில் அப்பர் ஆனவர். திலகவதிக்குப் பன்னிரண்டு வயதில் கலிப்பகையார் என்ற படைத்தலைவரைப் பேசி முடிக்கிறார்கள். திருமணத்துக்கு முன்பே அவர் அரசனின் கட்டளைப்படி வடக்கே போருக்குப் போகிறார். அந்த இடைவெளியில் அப்பா நோயில் போகிறார். அம்மாவும் அவர் பின்னாலேயே போகிறார். அந்த ஈரம் காய்வதற்குள் போரில் கலிப்பகையார் இறந்த செய்தி வருகிறது.

அந்தப் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். உயிரை விட்டுவிட முடிவு செய்கிறார். அப்போது தம்பி காலில் விழுகிறார். அப்பா அம்மா போன பிறகும் நான் உயிரோடு இருப்பது உங்களைக் கும்பிடலாம் என்பதால்தான், நீங்களும் போவதென்றால் உங்களுக்கு முன்னால் நான் போகிறேன் என்கிறார். தம்பி இருக்க வேண்டுமே என்பதற்காக அக்கா இருக்கச் சம்மதிக்கிறார்.

அந்தத் தம்பி என்ன செய்தார்? தண்ணீர்ப்பந்தல் வைத்தார், தர்மங்கள் செய்தார், அப்புறம் அக்காவை விட்டுவிட்டுப் பாடலிபுத்திரம் போய்ச் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெரிய பெயர் எடுத்தார். பாடலிபுத்திரம் என்றால் இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூர். (சமண சைவச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. சமணர் தமிழுக்குச் செய்தது ஏராளம். ஐந்நூறு வருடம் கழித்து எழுதப்பட்ட ஒரு சைவ நூல் எதிர்த்தரப்பை எப்படிக் காட்டும் என்பது தெரிந்ததே.) எனக்கு வேண்டியது அந்த அக்காவின் நிலைமை. யாருக்காக உயிரைப் பிடித்துவைத்திருந்தாரோ, அவர் போய்விட்டார். கேட்க ஆளில்லை. அப்போது திலகவதியார் கெடிலக் கரையிலிருக்கும் திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து தங்குகிறார். விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்குகிறார், சாணம் கரைத்து மெழுகுகிறார், பூப்பறித்து மாலை கட்டுகிறார். தம்பியை மீட்டுத் தா என்று கேட்டுக்கொண்டே இதைச் செய்கிறார்.

பிறகு ஒருநாள் கனவில் இறைவன் தோன்றி, கவலைப்படாதே, உன் தம்பியைச் சூலை என்னும் கொடிய வயிற்றுவலியைக் கொடுத்து ஆட்கொள்வேன் என்று சொன்னதாகப் புராணம் சொல்கிறது. அந்தக் கனவு வருவதற்கு முன்னால் கழிந்த காலத்தைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். அது எத்தனை வருடம் என்று சேக்கிழார் கணக்குச் சொல்லவில்லை. அந்தக் காலம் முழுக்க அவர் கையிலிருந்தது துடைப்பம் மட்டும்தான். நடக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. கல் மிதக்கவில்லை. அடுத்த நாளும் எழுந்து பெருக்கினார். நம்பி நடப்பது எப்படி என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அது இப்படித்தான் இருக்கும். பயம் போய்விடும் என்றோ மனம் தெளிந்துவிடும் என்றோ நான் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூலை இறைவன் கொடுத்தது என்று புராணம் சொல்வதை வைத்துக்கொண்டு, உங்கள் தம்பியின் குடியும் இறைவன் கொடுத்ததுதான் என்று யாராவது சொல்ல வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து ஒரு பக்தர் சொல்வது வேறு. நடுவில் தவித்துக்கொண்டிருப்பவரிடம் அடுத்தவர் வந்து சொல்வது வேறு.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனிமேல் வருவது. தருமசேனருக்கு வயிற்றில் சூலை வருகிறது. மந்திரம், மயிற்பீலி எதுவும் கேட்கவில்லை. வலி தாங்காமல் சமையற்காரனை அக்காவிடம் அனுப்பி வரச்சொல்கிறார். திலகவதியார் என்ன சொன்னார் தெரியுமா? அங்கே நான் வர மாட்டேன் என்றார்.

எனக்கு இந்தக் கதையில் மயிர்க்கூச்செறியும் இடம் இதுதான். யாருக்காக உயிர் வைத்திருந்தாரோ, யாருக்காக அத்தனை காலம் வேண்டிக்கொண்டாரோ, அந்தத் தம்பி துடிக்கிறார், ஆள் அனுப்புகிறார். அக்கா போகவில்லை. அவர் சொன்ன காரணம் சமணர் இருக்கும் இடம் என்பது. காரணத்தை விடுங்கள். அன்பு குறைந்ததால் அவர் மறுக்கவில்லை என்பதைப் பாருங்கள். அவர் போயிருந்தால் தம்பி அங்கேயே கிடந்திருப்பார். போகாததால் தம்பி எழுந்தார். வெள்ளையுடுத்து, இராத்திரியோடு இராத்திரியாக, குடலைப் பிடுங்கும் வலியோடு திருவதிகைக்கு நடந்தார். இன்று கடலூரிலிருந்து பண்ருட்டிப் பக்கம் பஸ்ஸில் போனால் சுமார் 25 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அவருடைய கால்தான் கடக்க வேண்டியிருந்தது.

வந்து விழுந்தவரை அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. எழச் சொன்னார், திருநீறு கொடுத்தார், விடியற்காலையில் கோயிலுக்குப் பெருக்கப் போகும்போது கூடவே கூட்டிப்போனார். சன்னிதியில் பாடியது தம்பி. அக்கா அவருக்காகப் பாடவில்லை.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கடனை அடைக்கிறீர்கள். ஆட்டோ வைத்துத் தூக்கிவருகிறீர்கள். ‘நான்தான், நான்தான்’ என்று உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். தம்பி நடக்க வேண்டிய தூரத்தையெல்லாம் நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள். அவன் உயிருக்கு ஆபத்தென்றால் ஓடுங்கள், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் கடனை அடைக்காதீர்கள். யாரிடமும் அவனுக்காகப் பொய் சொல்லாதீர்கள். குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கென்று அல்-அனான் என்ற அமைப்பு 1951இல் அமெரிக்காவில் தொடங்கியது, தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே போய் உட்கார்ந்தால், அவன் குடிக்கு நீங்கள் காரணமில்லை, அதை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது என்றுதான் முதலில் சொல்வார்கள். கையை விடுவதும் நம்பிக்கைதான். எல்லாவற்றையும் நானே பிடித்துக்கொள்வேன் என்றால், இறைவனிடம் ஒப்படைத்தது எதை?

இன்னொன்று. சாமியிடம் கோபம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வரிகளுக்கு நடுவில் அது இருக்கிறது. அதற்காகப் பயப்படாதீர்கள். என் அப்பா போனபோது துக்கம் கழியும்வரை பூஜையறை சாத்திக் கிடந்தது. திறந்த அன்று காலை அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, ‘உனக்குக் கண்ணில்லையா, இதயமில்லையா’ என்று முருகனைத் திட்டினார். தெருவுக்கே கேட்டது. உறவுக்காரர்கள் வாயைப் பொத்தச் சொன்னார்கள். அம்மா திட்டவும் நிறுத்தவில்லை, தேய்க்கவும் நிறுத்தவில்லை. விளக்கேற்றிய பிறகும் சிறிதுநேரம் திட்டினார். பக்தி என்றால் என்ன என்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணிழந்த சுந்தரர் திருவாரூரில் நின்றுகொண்டு, உம் அடியார் இப்படித் தவிக்கும்போது நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று பாடியது சாதாரணக் கோபமா? சூலையோடு வந்த அப்பரின் முதல் பதிகமும் புகாரில்தான் தொடங்குகிறது. இந்த வலி எனக்கு எமனாகிவிட்டது, நீர் விலக்கவில்லையே என்கிறார். தாங்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார். அதையெல்லாம் நாம் திருமுறை என்று கோயிலில் பாடுகிறோம். உங்கள் புகாரையும் தைரியமாகச் சொல்லுங்கள்.

அந்தப் பதிகத்திலேயே ‘நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்’ என்று ஒரு இடம் வரும். அத்தனை காலம் விலகியிருந்தவர் அப்படி எப்படிப் பாடினார் என்று கேட்பவர்கள் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் அது அக்காவின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது என்றே எனக்குத் தோன்றும். அறுபத்துமூவர் பட்டியலில் திலகவதியார் இல்லை. அது எனக்குத் தீராத மனக்குறை.

கயிறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறுபடி கட்டலாம், தாராளமாக. மூன்று மாதம் நிற்க முடிந்தது என்பதை அவனுக்கு நினைவுபடுத்துங்கள். ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கோயிலுக்குப் போகும் முன் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எந்த நாளில் யாரைப் பார்ப்பது என்று இப்போதே போய் விசாரித்து வையுங்கள். அவன் கேட்கிற நாளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

தம்பி மனைவியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. அவளுக்கு ஒரு போன் செய்யுங்கள். திரும்பி வா என்று சொல்வதற்காக வேண்டாம், எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். குழந்தையின் பள்ளிக்கட்டணம் கட்டியாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

அன்புடன்