செங்கோட்டை, ஆரல்வாய்மொழி: பழைய திருவிதாங்கூர் எல்லை பற்றிய கேள்வி பதில்

செங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, வீட்டில் ஒரு பழைய பிரமாணம், அதாவது பத்திரம், கிடக்கு. ‘கொல்லம் 1071 தை 12, விலை 100 பணம்’னு இருக்கு. இதை இப்போதைய தேதிக்கும் ரூபாய்க்கும் எப்படி மாத்துறது?

தேதியை முதலில் பாருங்க. பழைய திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் எழுதும் கொல்லம் ஆண்டு நம்ம பக்கம் ஆவணி 1-ல் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி பாதி வரைக்கும் உள்ள தேதியானா 824-ஐக் கூட்டணும். மார்கழி பாதிக்கு மேல் ஆடி முடிய 825. உங்களுடையது தை; ஆகவே 1071 + 825 = 1896, ஜனவரி பிற்பகுதி.

கணக்கு சரிதானா என்று பார்க்க, தெரிந்த தேதி ஒன்றில் போட்டுப் பாருங்க. எல்லா சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனம் கொல்லம் 1112 ஐப்பசி 27. ஐப்பசிக்கு 824 கூட்டினால் 1936. அந்த நாள் 12 நவம்பர் 1936. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டுகிறவர்கள் இங்கேதான் ஒரு வருஷம் தவறுகிறார்கள். வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது அந்த ஒரு வருஷத்தால் பத்திரமே கண்ணில் படாமல் போகும். சந்தேகம் இருந்தால் முன்னும் பின்னும் ஒரு வருஷம் சேர்த்தே தேடச் சொல்லுங்க.

மலையாளக் கணக்கும் தமிழ்க் கணக்கும் மாதப் பிறப்பில் ஒரு நாள் வித்தியாசப்படலாம். அதைப் பத்திரத்தில் யாரோ திருத்தியது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆயிரத்தை விட்டுச் சொல்லும் வழக்கமும் உண்டு. ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றால் கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை வெள்ளம்.

இனி பணம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 100 பணம் என்றால் 14 ரூபாய் 2 பணம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். உங்கள் 400 சக்கரத்துக்கு 14 பிரிட்டிஷ் ரூபாய் போக ஒரு சக்கரம் மிஞ்சும். பத்திரத்தில் வெறுமனே ‘ரூபாய்’ என்றிருந்தால் எந்த ரூபாய் என்று சுற்றியுள்ள வரிகளைப் பார்த்த பிறகே கணக்குப் போடுங்க.

அதே அன்பர்: லேமினேஷன் பண்ணி வைக்கலாமா?

கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. முத்திரைத் தாளின் சங்குச் சின்னத்தையும் நீரோட்டக் குறியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற வழியும் அடைபடும். செல்லோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளித்துத் தாளைத் தின்னும். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, மடிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்க. ஓலையாக இருந்தால் எலுமிச்சம்புல் தைலம் லேசாகத் தடவலாம். எழுத்தில் கரி போயிருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு கை வையுங்க.

கடையநல்லூரிலிருந்து: செங்கோட்டை எந்த வருஷம் நம்ம ஜில்லாவுக்கு வந்தது?

1 நவம்பர் 1956. பத்திரத்தைப் படிக்கிறவர்கள் நாலு கட்டமாக நினைவில் வைங்க. 1949 ஜூன் முடிய திருவிதாங்கூர்; 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்–கொச்சி; 1956-க்குப் பிறகு திருநெல்வேலி மாவட்டம்; 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அந்த 1956 நவம்பர் 1-ல்தான் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. வாஞ்சிநாதன் 17 ஜூன் 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது அவருடைய செங்கோட்டை திருவிதாங்கூர் மண்.

பணகுடியிலிருந்து: ஆரல்வாய்மொழிப் பக்கம் கோட்டைச் சுவர் இருந்ததா, அண்ணாச்சி?

இருந்தது. கடற்கரை வட்டக்கோட்டையிலிருந்து மலையடிவாரம் வரை கணவாயை அடைத்த காவல் வரிசை அது. மலைக்கும் கடலுக்கும் நடுவில் படை நுழைய அந்த இடைவெளி ஒன்றுதான் வழி. திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி எழுச்சியின்போது கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் வந்த கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படை 10 பிப்ரவரி 1809-ல் அதைப் பிடித்தது. நேரே வாசலை முட்டவில்லை. இரவோடு இரவாக மலை ஏறி, தென்பக்கக் காவலை மேலிருந்து மடக்கினார்கள். பள்ளத்தில் வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் இந்தச் சண்டை புரியாது. மலைச்சரிவைப் பாருங்க, அங்கேதான் விஷயம் இருக்கு.

வள்ளியூரிலிருந்து: அந்தக் காலத்தில் புகையிலைக் கடத்தல் ஏன் அவ்வளவு நடந்தது?

திருவிதாங்கூரில் புகையிலை அரசாங்கத்தின் தனி வியாபாரம். விலையை அரசே வைத்தது, கிழக்கே பிரிட்டிஷ் பக்கம் மலிவு. விலை வித்தியாசம் இருக்கிற வரை மலைப்பாதையில் சுமை போய்க்கொண்டுதான் இருக்கும். 1863-ல் அந்தத் தனியுரிமை போய் இறக்குமதித் தீர்வை வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்த 1865 ஒப்பந்தத்தில் பெரும்பாலான சரக்குகளுக்கு உள்நாட்டுச் சுங்கம் நீங்கியது. புகையிலையும் உப்பும் அந்தச் சலுகையில் சேரவில்லை.

தென்காசியிலிருந்து: கொல்லம் ரயில் பாதையில் பார்க்க வேண்டியது எது?

1904-ல் திறந்த பாதை. கழுதுருட்டி அருகே பதிமூணு கண் பாலத்தைத் தவறவிடாதீங்க. மீட்டர்கேஜை அகலப்படுத்த 2010-ல் புனலூர்–செங்கோட்டை மலைப்பகுதியை மூடி, 2018-ல்தான் முழுசாகத் திறந்தார்கள்.

தென்காசியிலிருந்து இன்னொருவர்: அச்சன்கோவில் ஐயப்பன் ஆபரணப்பெட்டி ஏன் நம்ம ஊர் வழியாகப் போகுது?

ஆபரணங்கள் புனலூர் கருவூலத்தில் இருக்கின்றன. மார்கழித் திருவிழாவுக்கு ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகத் தென்காசி வந்து, காசி விசுவநாதர் கோயில் முன் வரவேற்பு முடிந்து அச்சன்கோவிலுக்கு மலை ஏறும். பார்க்க வேண்டுமானால் மார்கழி பிறப்பை ஒட்டி வாங்க. வருகிற நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறும், முதல் நாளே கோயிலில் விசாரித்துக்கொள்ளுங்க.