சிங்கப்பூரில் வேலையில் அடிபட்டால்: கேள்வி பதில்

அண்ணா, கட்டிங் மெஷினில் இரண்டு விரல் போய்விட்டது. வக்கீல் வைக்க வசதியில்லை. அரசு இலவச வக்கீல் தருமா? (மன்னார்குடி தம்பி)

தராது தம்பி. அங்குள்ள லீகல் எய்ட் பீரோ குடிமக்களுக்கும் பி.ஆர். (நிரந்தரவாசம்) உள்ளவர்களுக்கும் மட்டும்தான். ஒர்க் பெர்மிட்காரர்களை வெளியே நிறுத்தியிருப்பது அநியாயம் என்பதே என் எண்ணம். ஆனால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி கேட்க வக்கீலே தேவையில்லை. யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். வேலை செய்யும்போது, வேலையால் அடிபட்டது என்றால் போதும். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் எம்.ஓ.எம்.-இல் (மனிதவள அமைச்சு) கிளெய்ம் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

ரூமில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லச் சொல்கிறார் சூப்பர்வைசர்.

சொல்லவே சொல்லாதீர்கள். அவசரப் பிரிவு டாக்டர் முதலில் எழுதும் அந்த ஒற்றை வரியைத்தான் பின்னால் இன்சூரன்ஸ்காரர் தேடிப் படிப்பார். எந்த சைட், எந்த மெஷின், எத்தனை மணி என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்த நர்ஸைக் கேளுங்கள், சூப்பர்வைசரை மொழிபெயர்க்க விடாதீர்கள். அன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் 'இன்று இந்த இடத்தில் எனக்கு அடிபட்டது' என்று தமிழிலாவது அனுப்பி வையுங்கள். கூட நின்றவர் நம்பரும் வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தாலும், லைட் டூட்டி கொடுத்தாலும் முதலாளி எம்.ஓ.எம்.-க்குத் தெரிவித்தாக வேண்டும். ரூம் கதை எதற்கு என்று இப்போது புரிகிறதா?

கம்பெனி லாரியில் போகும்போது விபத்து. சேருமா?

கம்பெனி ஏற்பாடு செய்த வண்டி என்றால் சேரும்.

பெர்மிட்டை கேன்சல் செய்து டிக்கெட் போட்டுவிட்டார்கள். நாளை இரவு ஃபிளைட்.

உடனே எம்.ஓ.எம்.-க்குப் போங்கள், இல்லை மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டரைக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சாங்கி ஏர்போர்ட் வரை கொண்டுபோய்விட்டால் இமிகிரேஷன் கவுன்டரில் 'அடிபட்டிருக்கிறேன், கிளெய்ம் இருக்கிறது, போக விருப்பமில்லை' என்று சொல்லுங்கள். கேஸ் முடியும்வரை ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) இருக்கலாம். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு. கைவிட்டால் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் டி.டபிள்யூ.சி.2 அமைப்பு இலவசச் சாப்பாடு போடுகிறது, கேஸுக்கும் வழி சொல்லும். எம்.சி. சம்பளத்தையும் விடாதீர்கள்: வெளிநோயாளிக்கு 14 நாள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 60 நாள் முழுச் சம்பளம், அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருடம் வரை.

தேக்காவில் ஒருத்தர், 'கேஸ் போடு, பெரிய தொகை வாங்கித் தருகிறேன்' என்கிறார்.

அவர் வக்கீலுக்கு ஆள் பிடிப்பவர். கோர்ட்டுக்குப் போனால் முதலாளியின் தப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டும், வக்கீல் ஃபீஸும் உண்டு. இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் எடுக்கணும். வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் கணக்கு தெளிவு: 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துக்கு, நிரந்தர ஊனம் 10 சதவீதம் என்றால் குறைந்தபட்சம் 11,600 சிங்கப்பூர் வெள்ளி, சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். முதலாளியின் கவனக்குறைவு அப்பட்டமாகத் தெரிந்து, காயமும் பெரிதாக இருந்தால் கோர்ட்டை யோசிக்கலாம். அதற்குக் கெடு மூன்று வருடம். முதலில் ப்ரோ போனோ எஸ்.ஜி. என்ற சட்ட உதவி அமைப்பின் இலவச ஆலோசனைக்குப் போங்கள்.

வீட்டுக்காரர் ஊருக்கே வந்துவிட்டார். இனிமேல் கேட்க முடியுமா? (அறந்தாங்கி)

விபத்து நடந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் முடியும் அக்கா. ஊர் முகவரி, போன் நம்பர், பேங்க் விவரம் எம்.ஓ.எம்.-இல் சரியாக இருக்கட்டும். தொகையை மதிப்பிட்டு நோட்டீஸ் வரும். அது குறைவு என்று பட்டால் ஆட்சேபிக்க 14 நாள்தான் அவகாசம்.