அம்மாவின் சிகிச்சைக்குக் கோத்தகிரி நிலத்தை விற்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54, எடை 55 கிலோ. மார்பகப் புற்றுநோய்க்குக் கோவையில் அறுவை சிகிச்சை முடிந்தது. ஹெர்-2 பாசிட்டிவ் (புற்றணுக்களில் ஹெர்-2 என்ற புரதம் அதிகம்) என்பதால், அந்தப் புரதத்தைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்றாக 18 போடச் சொல்கிறார்கள். ஒரு குப்பி ரூ.32,000, டே கேர் கட்டணம் ஒவ்வொரு தடவையும் ரூ.4,500 என்று எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். லண்டனில் வேலை பார்க்கும் அண்ணன், "இங்கே எல்லாமே இலவசம், என்ஹெர்ட்டு என்று புது மருந்தே வந்துவிட்டது, கூட்டிக்கொண்டு வா" என்கிறார். கோத்தகிரியில் அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். கேட்டு ஆள் வந்திருக்கிறது. விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். லண்டனுக்கும் கூட்டிப் போக வேண்டாம். அண்ணன் பாசத்தில் சொல்கிறார், ஆனால் அவர் சொல்லும் இலவசம் அம்மாவுக்குப் பொருந்தாது.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கான அமைப்பு. மகன் அங்கே வரி கட்டுகிறார் என்பதால் விசிட்டர் விசாவில் வரும் தாய்க்கு உரிமை வந்துவிடாது. இந்தியாவிலிருந்து போகிறவருக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு பில் போடுவார்கள். அவசரமில்லாத சிகிச்சைக்கு 2017 அக்டோபரிலிருந்து பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி நின்றால் குடியேற்றத் துறைக்குத் தகவல் போகும், அடுத்த விசா அதிலேயே நின்றுபோகலாம். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் விசாவுக்கு, அன்றாடப் பராமரிப்பே இந்தியாவில் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். உங்கள் நிலையில் அது நடக்காது.

புது மருந்து விஷயத்தையும் அண்ணனுக்கு விளக்கிச் சொல்லுங்கள். என்ஹெர்ட்டுவை, ஹெர்-2 அளவு குறைவாக இருந்து நோய் பரவிய மார்பகப் புற்றுக்கு ஸ்காட்லாந்து 2023 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. அதே நோய்க்கு எந்த மருந்துக்கு அரசு பணம் தரலாம் என்று சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, விலைக்கேற்ற பலன் இல்லை என்று 2024இல் மறுத்தது. ஒரே நாட்டுக்குள், எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்தது இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. இந்தியாவில் என்ஹெர்ட்டு 2024 ஜனவரியில் வந்தது. அந்த ஆண்டு ஜூலை பட்ஜெட்டில் அதற்குச் சுங்க வரியும் நீக்கப்பட்டது. ஆனால் இப்போது அம்மாவுக்கு எழுதியிருப்பது அது அல்ல. எழுதியிருக்கும் மருந்தை ஒழுங்காக, இடைவெளி விடாமல் போட்டு முடிப்பதில்தான் உங்கள் பணமும் கவனமும் போக வேண்டும்.

டிராஸ்டுசுமாப் விஷயத்தில் இங்கே நமக்குக் குறை இல்லை. இந்திய பயோசிமிலர்கள், அதாவது அசல் மருந்துக்கு இணையாக வேறு நிறுவனங்கள் தயாரிப்பவை, 2014 முதல் கிடைக்கின்றன. பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் டிராஸ்டுசுமாபுக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே அனுமதி கொடுத்தது. இங்கிலாந்து மருத்துவமனைகளும் 2018 முதல் பயோசிமிலருக்கு மாறிவிட்டன. லண்டனில் பிறந்தவருக்கும் அநேகமாக இந்த வகை ஊசியைத்தான் போடுவார்கள்.

இனி கணக்கு. எஸ்டிமேட்டில் 18 ஊசிக்கு 18 குப்பி போட்டிருக்கிறார்கள்: 5,76,000. டே கேர் 81,000 சேர்த்து ரூ.6,57,000. ஒரு குப்பியில் 440 மி.கி. இருக்கிறது. முதல் டோஸ் கிலோவுக்கு 8 மி.கி., அம்மாவுக்குச் சரியாக 440. அடுத்த 17 டோஸும் கிலோவுக்கு 6 மி.கி., அதாவது 330. ஒவ்வொரு தடவையும் 110 மி.கி. மிஞ்சுகிறது. குப்பியோடு வரும், கிருமி வளராத கலப்பு நீரில் கரைத்து 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். சாதாரண ஊசி நீரில் கரைத்தால் மிச்சத்தை வைத்திருக்க முடியாது. மிச்சத்தைச் சேர்த்துப் போட்டால் நான்கு டோஸுக்கு மூன்று குப்பி போதும். 17 டோஸுக்கு 13, முதல் டோஸுக்கு ஒன்று, மொத்தம் 14 குப்பி. மிச்சமாகும் நான்கு குப்பியின் விலை ரூ.1,28,000.

மிச்ச மருந்தை அம்மாவின் பெயர், கரைத்த தேதி எழுதி மருந்தகக் குளிர்ப்பெட்டியிலேயே வைப்பார்களா என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். ஐஸ் பையில் கோத்தகிரிக்குக் கொண்டுவரும் யோசனையே வேண்டாம். வைக்க மாட்டோம் என்றால், வைக்கும் இன்னொரு மருத்துவமனையில் விலை கேளுங்கள். குப்பி விலையும் இடத்துக்கு இடம் நிறைய மாறும். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மலையில் இருப்பவர்கள் 7 நாள் என்ற எல்லையை மறக்கக் கூடாது. டோஸ் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மீண்டும் 8 மி.கி. கணக்கில் தொடங்க வேண்டும், ஒரு முழுக் குப்பி போய்விடும். 21 நாளோடு 7 சேர்ந்தால் 28, வைத்திருந்த மிச்சமும் அன்றோடு காலாவதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் இதுதான் நடக்கும். அந்த இரண்டு மாதமும் ஊசிக்கு முதல் நாளே கீழே இறங்கித் தங்குங்கள். அறை வாடகை ஒரு குப்பியின் விலையில் சிறு பங்குகூட வராது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில டோஸ்களையாவது போட முடியுமா என்றும் விசாரியுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பாருங்கள். அம்மாவின் ரேஷன் அட்டைக் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் இருந்தால் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். ஏற்கெனவே வந்த நோய்க்கும் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு ஊட்டி கலெக்டர் அலுவலகப் பதிவு மையத்துக்குப் போங்கள். பலரும் தவறுவது எதை முதலில் செய்வது என்பதில்தான். கையிலிருந்து கட்டிய பணத்தை இத்திட்டம் திருப்பித் தராது, முன் அனுமதி வந்த பிறகே ஊசி போட வேண்டும். அறுவை சிகிச்சையை இந்த அட்டையில் செய்திருந்தால் மீதி எவ்வளவு, இந்த மருந்துக்கான தொகுப்பில் எத்தனை டோஸ் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுதி வாங்குங்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்வி. திசுப் பரிசோதனை அறிக்கையில் ஹெர்-2 என்பது 3+ ஆ, 2+ ஆ? 2+ என்றால் சந்தேக நிலை, ஹெர்-2 மரபணுவைப் பார்த்து உறுதிசெய்யும் ஃபிஷ் பரிசோதனை முடிந்ததா? அது உறுதியாகாமல் ஒரு குப்பிகூட வாங்க வேண்டாம். இதயத்துக்கான எக்கோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கும், அது எஸ்டிமேட்டில் சேர்ந்ததா? மூன்றாவது, ஆறு மாதச் சிகிச்சை அம்மாவுக்குப் போதுமா? பிரிட்டனில் 4,000 பேருக்கு மேல் நடந்த பெர்செஃபனி ஆய்வில் நோய் திரும்பாமல் நான்காண்டு இருந்தவர்கள் ஆறு மாதப் பிரிவில் 89.4%, ஓராண்டுப் பிரிவில் 89.8%. அதற்கு முன்பு பிரான்சில் நடந்த ஆய்வால் ஆறு மாதம் போதும் என்பதை நிறுவ முடியவில்லை. அதனால் ஓராண்டே இன்றும் வழக்கம். முடிவு மருத்துவருடையது, பணத்துக்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

நிலத்துக்கு வருகிறேன். அப்பா பெயரில் இருப்பதால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அண்ணன் லண்டனிலிருந்து பவர் எழுதி, தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். முதல் ஊசி அதுவரை காத்திருக்காது. அவசரம் என்று தெரிந்தால் வாங்குபவரும் விலையை இறக்குவார். பச்சைத் தேயிலை விலை சரிந்திருந்தாலும், மாதாமாதம் அம்மா கையில் காசு வருவது அந்தச் செடியிலிருந்துதான்.

காப்பீடு போக விழும் துண்டுக்கு நகைக்கடன் போதும். ரிசர்வ் வங்கியின் 2025 விதிப்படி ரூ.2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை தரலாம். ஒரே தடவையில் வாங்காமல் இரண்டு மூன்று டோஸுக்கு ஆகும் தொகையாக வாங்கினால் வட்டி குறையும். அண்ணன் விமான டிக்கெட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை அம்மாவின் கணக்குக்கு அனுப்பட்டும். மகன் தாய்க்குத் தரும் அன்பளிப்புக்கு அம்மா வரி கட்ட வேண்டியதில்லை. நீங்கள் பழைய வரி முறையில் இருந்து, அம்மா உங்கள் பராமரிப்பில் இருந்தால், புற்றுநோய்ச் செலவுக்காக உங்கள் வரிக்குரிய வருமானத்தில் ரூ.40,000 வரை கழிவு உண்டு. புற்றுநோய் நிபுணரின் சீட்டும், அம்மா பெயருக்கு உங்கள் கணக்கிலிருந்து கட்டிய ரசீதுகளும் கையில் இருக்கட்டும்.