சிறு வெப் ஆப்பை எங்கே ஹோஸ்ட் செய்வது? இத்தனை போட்டி இருந்தும் விலை ஏன் இறங்கவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. டியூஷன் சென்டர் ஒன்றுக்கு எழுதிய ஆப்பை, ஆப்களை இணையத்தில் ஓட வைத்துத் தரும் தளங்களான ஹெரோகு, வெர்செல், ரெண்டர் மூன்றில் எதில் ஏற்றலாம் என்பது ஒன்று. இத்தனை பேர் போட்டி போட்டும் விலை ஏன் இறங்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஈரோட்டில் என் மாமாவுக்கு ஜவுளிக்கடை. புதுச் சரக்கைப் படம் பிடித்துப் போட ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், மாதம் 7 டாலர் வாங்கும் ஒரு தளத்தில் ஏற்றியிருந்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் மாமா அந்த லிங்கை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினார். ஒரு சேலைப் படம் 4 எம்பி, பக்கத்துக்கு 30 படம். ஆக, ஒருவர் ஒருமுறை திறந்தாலே 120 எம்பி போகும். மூவாயிரம் தடவை திறந்திருக்கிறார்கள். 360 ஜிபி. திட்டத்தில் அடங்கியது 100 ஜிபிதான். மிச்சத்துக்கு ஜிபி கணக்கில் போட்டு, பில் 50 டாலரைத் தாண்டியது. படங்களைச் சுருக்காதது என் தவறு. ஆனால் மாமா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை: "ஏன் கண்ணு, தீபாவளிக்குக் கூட்டம் வந்தா கடை வாடகை ஏறுமா?"

இந்தத் துறையின் விலையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தளங்கள் போட்டி போடுவது வாடகையில், அதாவது விலைப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் மாதக் கட்டணத்தில். லாபம் பார்ப்பது மீட்டரில். வெளியே போகும் டேட்டா, டேட்டாபேஸ் அளவு, ஃபங்ஷன் (நம் கோட்) ஓடும் நேரம் என்று மீட்டர்கள் பல. விலைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதால், சேரும்போது யாரும் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

மீட்டர் இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹெரோகு, வெர்செல் இரண்டுமே சர்வர்களை வாடகைக்கு விடும் அமேசானின் ஏடபிள்யூஎஸ் மேல் நிற்பவை. அமெரிக்காவில் ஏடபிள்யூஎஸ் மாதம் முதல் 100 ஜிபியை இலவசமாக விடுகிறது, அதற்கு மேல் ஜிபிக்கு 9 சென்ட். உள்வாடகைக்கு விடுபவர் வீட்டுக்காரரைவிடக் குறைத்து விட முடியுமா? ஆனால் சர்வர் வாடகைக்கு விடும் இன்னொரு நிறுவனமான டிஜிட்டல்ஓஷனில் மாதம் 6 டாலர் சர்வருடனேயே 1,000 ஜிபி வருகிறது, அதைத் தாண்டினால் ஜிபிக்கு 1 சென்ட்தான். சொந்த நெட்வொர்க் வைத்திருக்கும் கிளவுட்ஃப்ளேர் 2021-இல் ஆர்2 சேமிப்பை அறிவித்தபோது, டேட்டா வெளியே போவதற்குக் கட்டணமே இல்லை என்றது. வெர்செலின் ப்ரோ திட்டத்தில் முன்பு 1 டிபிக்கு (1,000 ஜிபி) மேல் ஒவ்வொரு 100 ஜிபிக்கும் 40 டாலர் இருந்தது. 2024-இல் அது ஜிபிக்கு 15 சென்டில் தொடங்குவதாக இறங்கியது. ஆக, போட்டி வேலை செய்யாமல் இல்லை. மெதுவாகச் செய்கிறது.

இலவசத் திட்டங்களை நம்பி வியாபாரத்தைக் கட்டாதீர்கள். 2007-இல் தொடங்கிய ஹெரோகுவின் இலவசத் திட்டத்தில்தான் ஒரு தலைமுறையே டெப்ளாய் செய்ய, அதாவது ஆப்பை இணையத்தில் ஏற்றக் கற்றது, நானும்தான். 2010-இல் அதை 212 மில்லியன் டாலருக்கு வாங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், 2022 நவம்பர் 28-ஆம் தேதியோடு இலவசத் திட்டத்தை நிறுத்தியது. மோசடிப் பயன்பாட்டைச் சமாளிக்கவே பெரும் உழைப்பு போகிறது என்று காரணம் சொன்னார்கள். டேட்டாபேஸ் தரும் பிளானட்ஸ்கேல் நிறுவனம் 2024-இல் இலவச டேட்டாபேஸை எடுத்துவிட்டது. முதலீட்டாளர் பணம் தாராளமாக வந்த காலத்தில் இலவசம் என்பது ஆள் சேர்க்கும் செலவு. பணம் இறுகியதும் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

வெளியேறும் செலவையும் இப்போதே பாருங்கள். போட்டியால் நமக்குப் பலன் கிடைக்க வேண்டுமானால் நாம் இடம் மாறக்கூடியவர்களாக இருக்க வேண்டுமே. 2024 தொடக்கத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அடுத்தடுத்து, முழுதாக விலகிப் போகிறவர்களிடம் டேட்டா வெளியேற்றக் கட்டணம் வாங்குவதில்லை என்று அறிவித்தன. தளம் மாறுவதை எளிதாக்கச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனால் உங்கள் கோட் ஒரே தளத்தின் வசதிகளோடு பின்னிக் கிடந்தால் அந்தச் சலுகையால் பயனில்லை. பல தளங்களிலும் கிடைக்கும் சாதாரண போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஆப்பை எப்படிக் கட்டி ஓட்டுவது என்று எழுதிய ஒரு டாக்கர்ஃபைல், இந்த இரண்டும் இருந்தால் ஒரு சனிக்கிழமையில் வீடு மாறிவிடலாம்.

சரி, உங்கள் ஆப்புக்கு வருவோம். வெர்செலின் இலவசத் திட்டம் தனிப்பட்ட, வியாபாரமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். டியூஷன் சென்டர் கட்டணம் வாங்குகிறது என்பதால் நீங்கள் ப்ரோவுக்குப் போக வேண்டும், டெவலப்பர் ஒருவருக்கு மாதம் 20 டாலர். சர்வரைப் பார்த்துக்கொள்ள நேரமில்லை என்றால் ரெண்டரின் கட்டணத் திட்டத்தை எடுங்கள், இந்த அளவுக்கு அது போதும். லினக்ஸ் கொஞ்சம் தெரியும் என்றால் டிஜிட்டல்ஓஷன் பெங்களூரில் ஒரு சின்ன சர்வர் எடுத்து நீங்களே ஏற்றுங்கள் என்பதே என் பரிந்துரை. பேக்கப்பும் அப்டேட்டும் உங்கள் தலையில் விழும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டாலர் விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதி வந்த பிறகு, வெளிநாட்டுத் தளங்களுக்கு நம் கார்டிலிருந்து மாதாமாதம் பணம் போகாமல் நிற்பதும் நடக்கிறது. ஒரு மாதத் தொகையை முன்பணமாகக் கட்ட முடிந்தால் கட்டி வையுங்கள். செலவு வரம்பு வைக்கும் வசதி எங்கே இருந்தாலும் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். வெறும் எச்சரிக்கை மெயில் வேறு, தாண்டினால் நிறுத்திவிடும் வரம்பு வேறு. 2024 பிப்ரவரியில் நெட்லிஃபை என்ற இன்னொரு ஹோஸ்டிங் தளத்தில் இலவசத் திட்டத்தில் இருந்த ஒருவருக்கு 1,04,000 டாலருக்கு மேல் பில் வந்தது. செய்தி பரவிய பிறகு நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்தது.

மாமாவின் ஆப் இப்போது 6 டாலர் சர்வரில் ஓடுகிறது. படங்களை 150 கேபிக்குச் சுருக்கி ஆர்2-இல் வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கும் பில் 6 டாலர்தான், கூட வரி.

உங்கள் ஆப்பில் வீடியோ பாடம் உண்டா என்று சொல்லவில்லையே. இருந்தால் கணக்கு முழுக்க மாறும். எத்தனை மாணவர்கள், எத்தனை நிமிட வீடியோ என்று கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.