மக்காச்சோளத்தை டேங்கில் கொட்டி வைத்தால் விலை வருமா?

கேள்வி கேட்டவர் பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர். அமெரிக்கப் பண்ணை வீடியோக்களில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் பெரிய தகர டேங்குகளைப் பார்த்திருக்கிறார். "இதே மாதிரி நாலு பேர் சேர்ந்து ஒன்று போட்டால், தை மாசம் அடிமாட்டு விலைக்குத் தள்ளாமல் ஆடி வரைக்கும் வைத்திருந்து விற்கலாமே, ஏன் யாரும் செய்வதில்லை?" என்பது கேள்வி.

நான் இருப்பது ஐயோவா மாநிலத்தில், ஏம்ஸ் ஊருக்கு வெளியே. பக்கத்து வீடு என்றால் அரை மைல் தள்ளி இருக்கும் ஒரு பண்ணை. அப்பா, மகன், மருமகள், இந்த மூன்று பேர்தான் மொத்த வேலையும். அறுவடை நேரத்தில் ஒத்தாசைக்குப் போவேன். எனக்குத் துறையூர்ப் பக்கம். மக்காச்சோளத்தை ரோட்டில் காயப்போட்டு ராத்திரி காவல் படுத்தவன் என்பதால், இவர்கள் செய்வதைக் கொஞ்சம் உற்றே பார்ப்பேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேங்க் தானியத்தைக் காப்பாற்றாது. மழையும் எலியும் அண்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். காப்பாற்றுவது மூன்று விஷயங்கள்: டேங்குக்கு முன்னால் நிற்கும் ட்ரையர், அடியில் ஓடும் ஃபேன், இந்த ஊர்க் குளிர். மூன்றாவது நமக்குக் கிடையாது. கணக்கு மாறுவது அந்த இடத்தில்தான்.

வீடியோவில் இரண்டு வகை தெரியும், அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒடுங்கி உயரமாக, சிமெண்டிலோ நீல நிற இரும்பிலோ நிற்பது சைலோ. அதில் இருப்பது மணி இல்லை. தட்டையோடு பச்சையாக நறுக்கி அமுக்கிப் புளிக்க வைத்த மாட்டுத் தீவனம், நம் கால்நடைத் துறைக்காரர்கள் ஊறுகாய்ப்புல் என்று சொல்வது. அதில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கும், காற்றே படக்கூடாது. 1959-ல் சோவியத் தலைவர் குருஷேவ் இந்த மாநிலத்தில் கூன் ராப்பிட்ஸ் ஊரில் ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற பெரிய விவசாயியின் பண்ணைக்கு வந்தபோது, முட்டி மோதிய பத்திரிகைக்காரர்கள் மேல் கார்ஸ்ட் கோபத்தில் அள்ளி வீசியது இந்தத் தீவனத்தைத்தான். மாடு குறைந்த பண்ணைகளில் இப்போது பல சைலோக்கள் சும்மா நிற்கின்றன. உங்கள் கேள்விக்குச் சம்பந்தப்பட்டது மற்றொன்று: அகலமாக, வரிவரியான துத்தநாகத் தகரத்தில், கூம்புக் கூரையோடு இருக்கும் கிரெய்ன் பின். உள்ளே இருப்பது உலர்ந்த மணி. அதற்குக் காற்று வேண்டும்.

சரி, அளவுக்கு வருவோம். 36 அடி விட்டம், 18 அடி சுவர் உள்ள ஒரு சாதாரண டேங்க் ஏறக்குறைய 370 டன் பிடிக்கும். இங்கே ஏக்கருக்கு 5 டன் விளைகிறது, ஆக எழுபது எழுபத்தைந்து ஏக்கர் விளைச்சல் ஒரே டேங்கில் அடங்கும். அறுவடை மெஷின் வயலில் இறங்கும்போது மணியில் ஈரம் இருபது சதவீதத்தை ஒட்டி இருக்கும். குளிர்காலம் தாண்டி வைக்க 15-க்கு இறக்க வேண்டும், அடுத்த கோடை வரை வைப்பதென்றால் 13. இருபதிலிருந்து பதினைந்துக்கு இறக்க, அந்த ஒரு டேங்க் தானியத்திலிருந்து மட்டும் இருபது டன்னுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கி வெளியே தள்ள வேண்டும். இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர். எரிவாயுவில் ஓடும் ட்ரையர் அக்டோபர் முழுக்க இரவு பகலாக இரைந்துகொண்டே இருப்பது இதற்காகத்தான். பண்ணையில் பெரிய செலவு டேங்க் இல்லை, இந்த எரிவாயுதான் என்று மருமகள் சொல்லுவார். கணக்குப் புத்தகம் அவரிடம் இருக்கிறது.

ஏன் இவ்வளவு பாடு? அறுத்த மணிக்கு உயிர் உண்டு, மூச்சு விடும். ஈரமும் சூடும் இருந்தால் வேகமாக விடும், அந்த மூச்சிலேயே இன்னும் சூடாகும், பூஞ்சை பிடிக்கும். இருபது சதவீத ஈரத்தில், 20 டிகிரி செல்சியஸில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். அதே மணி 5 டிகிரியில் மூன்று மாதம் இருக்கும். உங்கள் ஊரில் மாசி மாதப் பகல் வெப்பத்தை இந்தக் கணக்கில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

உலர்த்திக் கொட்டிவிட்டால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. குழாயிலிருந்து நடுவில் விழும்போது உடைசலும் தூசியும் நடுவிலேயே தங்கும், முழு மணி ஓரத்துக்கு உருண்டுவிடும். அந்த நடுத் தூண் காற்றை விடாது. அதனால் நிரப்பிய கையோடு அடி வாயைத் திறந்து நடுவிலிருந்து சில வண்டிகள் உருவி விற்றுவிடுவார்கள். மேலே குவிந்திருந்த கூம்பு உள்வாங்கிப் புனல் மாதிரி ஆகும். பார்க்க வீண் வேலை போல இருக்கும், ஆனால் கூம்போடு விட்டவர்கள்தான் மார்ச்சில் கட்டியை வெட்டி எடுக்கிறார்கள்.

அப்புறம் பனிக்காலம். அக்டோபரில் வெதுவெதுப்பாக உள்ளே போன தானியத்தின் நடுப்பகுதி சீக்கிரம் ஆறாது. ஓரமோ தகரத்தை ஒட்டியிருப்பதால் விறைத்துவிடும். ஓரத்துக் குளிர்ந்த காற்று கீழே இறங்கி, நடுச்சூட்டில் ஈரத்தை ஏற்றிக்கொண்டு மேலே வந்து, குளிர்ந்து கிடக்கும் மேற்பரப்பில் அந்த ஈரத்தை விட்டுவிடும். மொத்தத்தில் பதினாலு சதவீதம்தான் இருக்கும், ஆனால் மேலே ஒரு முழம் மட்டும் முளைவிட்டு, நாறி, பாளமாகிவிடும். இதைத் தடுக்கத்தான் ஃபேன். வெளியே குளிரக் குளிர, தானியத்தையும் படிப்படியாகக் குளிர்விக்க வேண்டும். சின்ன ஃபேனில் ஒரு சுற்றுக் குளிர ஆறேழு நாள் ஆகும். பாதியில் நிறுத்தினால் குளிர்ந்ததும் சூடானதும் சந்திக்கும் அடுக்கில் ஈரம் தங்கிவிடும்.

பெரியவர் இதை மூக்கால் பார்க்கிறார். மீட்டர், வயர், செல்போனில் வெப்பநிலை எல்லாம் மகன் வைத்திருக்கிறார். இவர் ஃபேனைப் போட்டுவிட்டு, ஏணியில் மெதுவாக ஏறி, கூரை மூடியைத் தூக்கி, முதலில் வரும் காற்றை மட்டும் முகர்வார். நல்ல தானியம் காய்ந்த தட்டை வாசனை வரும். லேசாகப் புளித்த வாடையோ நனைந்த கோணி நெடியோ வந்தால், முகத்தில் வெதுவெதுப்பு அடித்தால், அன்றைக்கே மகனைக் கூப்பிட்டு அடியிலிருந்து உருவச் சொல்லிவிடுவார். வெளியிலிருந்தே தெரிகிற அடையாளமும் ஒன்று உண்டு. எல்லா டேங்க் கூரையிலும் பனி ஒரே மாதிரி படிந்திருக்க, ஒன்றில் மட்டும் உருகிப்போய்த் தகரம் பளிச்சென்று தெரிந்தால், உள்ளே எங்கோ வேகிறது என்று அர்த்தம்.

இதில் ஆளை விழுங்கும் ஆபத்தும் இருக்கிறது. வீடியோக்களில் இதைக் காட்ட மாட்டார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அடி வாய் திறந்து தானியம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே நிற்பவர் சில விநாடிகளில் முழங்கால் வரை போய்விடுவார், அரை நிமிஷத்துக்குள் தலை மறைந்துவிடும். இடுப்பளவு புதைந்த ஆளைக் கையைப் பிடித்து இழுத்து எடுக்க முடியாது. பாளம் கட்டிய மேற்பரப்புக்கு அடியில் தானியம் வடிந்து வெற்றிடமாகியிருந்தால் அதன் மேல் கால் வைத்தாலே உடைந்து உள்ளே போக வேண்டியதுதான். ஈரத்துக்கும் சாவுக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது என்பதுதான் இதில் உறைக்கும் விஷயம். 2009 அறுவடை இங்கே மழையிலும் ஈரத்திலும் நடந்தது. அரைகுறையாக உலர்ந்தது கட்டி பிடித்தது, கட்டியை உடைக்க ஆட்கள் கம்பியோடு உள்ளே இறங்கினார்கள். அடுத்த வருஷம், 2010-ல், பர்டூ பல்கலைக்கழகத்தின் பதிவில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தானியத்தில் சிக்கினார்கள், சுமார் பாதிப் பேர் உயிரோடு வரவில்லை. பெரிய வணிகக் கிடங்குகளுக்கு 1988 முதல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. குடும்பப் பண்ணைகளுக்கு அது பொருந்தாது. அப்பாவோ பையனோ தனியாக உள்ளே இறங்கினால் கேட்க ஆள் கிடையாது. இந்த வீட்டில் ஒரே விதி: தானியத்தை உருவும் மோட்டாரின் சுவிட்சில் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் மூடிக்குள் தலையை நீட்டக்கூடாது. எனக்கும் அதுதான் முதல் பாடம்.

இவ்வளவுக்கும் பிறகு விலை வருகிறதா? பெரும்பாலும் வருகிறது. அறுவடை நேரத்தில் ஊருக்கு ஊர் இருக்கும் எலிவேட்டர்களின், அதாவது தானியக் கொள்முதல் கிடங்குகளின் வாசலில் லாரி வரிசை நிற்கும், ஈரத்துக்குப் பிடித்தம் போடுவார்கள், விலையும் விழும். டேங்க் வைத்திருப்பவர் வரிசையில் நிற்பதில்லை, வசந்தத்தில் விலை ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். ஆனால் வட்டி, எரிவாயு, எடைக் குறைவு எல்லாம் கழித்தால் சில வருஷம் ஒன்றும் மிஞ்சாது. காற்றடித்தால் முதலே போய்விடும். 2020 ஆகஸ்ட் 10 அன்று இந்த மாநிலத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போன பெருங்காற்றுப் புயலில், எலிவேட்டர்களின் பெரிய டேங்குகளும் பண்ணை டேங்குகளும் நசுங்கிய தகர டப்பாக்களாக வயலில் கிடந்தன. அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால், பல டேங்குகள் காலியாக லேசாக இருந்த நேரம்.

காத்திருக்கும் பலம் இவர்களுக்கு டேங்கால் மட்டும் வந்ததில்லை. 1933-ல், விலை பாதாளத்தில் கிடந்தபோது, ஐயோவாக்காரரான ஹென்றி வாலஸ் விவசாய அமைச்சராக இருந்தார். அப்போது அரசு ஒரு கடன் கொடுத்தது. தானியத்தை விற்க வேண்டாம், உங்கள் கொட்டகையிலேயே பூட்டி முத்திரை வைத்துக்கொள்ளுங்கள், புஷலுக்கு 45 சென்ட் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், விலை ஏறினால் விற்றுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் தானியத்தை எடுத்துக்கொள்கிறோம் என்றது. ஒரு புஷல் 25 கிலோ சொச்சம். அன்றைய கொட்டகையில் டேங்கும் ட்ரையரும் கிடையாது. மரச்சட்டங்களுக்கு இடையே காற்றுப் போகும்படி ஒடுக்கமாகக் கட்டிய பட்டியில் மணியை உதிர்க்காமல் கதிராகவே குவித்து வைப்பார்கள், காற்றே காய வைத்துவிடும். அறுவடை மெஷின் வந்து வயலிலேயே மணியாக உதிர்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பட்டி செத்தது, டேங்கும் ட்ரையரும் கட்டாயமாயின.

இப்போது உங்கள் விஷயத்துக்கு. இவர்களுக்குக் குளிர் இலவசம், நமக்கு வெயில் இலவசம். ஆனால் நம் ஊரில் வைகாசியில் ஃபேன் போட்டால் தானியம் குளிராது, 35 டிகிரிக் காற்றைத்தான் உள்ளே தள்ளும். அந்தச் சூட்டில் வண்டு பெருகும். வெட்டவெளியில் நிற்கும் தகரம் பகலில் கொதித்து இரவில் ஆறும்போது உள்பக்கம் வேர்க்கும். அதனால் இந்த ஊரில் 15 போதும் என்பதைப் பார்த்து நாமும் 15-ல் கொட்டினால் வேலைக்கு ஆகாது. 12-க்கு இறங்கியே ஆக வேண்டும். தை மாசி வெயிலில், களத்தில் தார்ப்பாய் விரித்து, மெல்லிசாகப் பரப்பி, கிளறிவிட்டு, மாலையில் பனி இறங்கும் முன் மூடினால் அது முடிகிற காரியம்தான். கதிராகவே சில நாள் காயவிட்டு அப்புறம் அடித்தால் உடைசலும் குறையும்.

நாலு பேர் கூட்டு டேங்க் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று பேர் ஒழுங்காகக் காய வைத்து, நாலாவது ஆள் மேகம் கண்டு அவசரத்தில் பதினாறு சதவீதத்தில் கொட்டினால், மொத்தமும் அவர் ஈரத்துக்குத்தான் கட்டுப்படும். நாமக்கல் கோழித் தீவன ஆலைக்குப் போகும் சரக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தால் லோடே திரும்பி வரும், யாருடையது என்று பிரிக்கவும் முடியாது. மூட்டை என்றால் அவரவர் பாடு அவரவருக்கு.

அதனால் என் யோசனை: அந்தப் பணத்தில் பாதியைச் சிமெண்டுக் களத்துக்கும் நல்ல தார்ப்பாய்க்கும் போடுங்கள். வீட்டில் கொஞ்சம் வைப்பதென்றால், உள்ளே இரண்டு பிளாஸ்டிக் அடுக்கு உள்ள காற்றுப்புகாப் பைகள் கிடைக்கின்றன. 1980-களில் பர்டூ ஆட்கள் ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறுக்காகச் செய்தது இது. உள்ளே மாட்டிய வண்டு இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுத் தானே செத்துவிடும், மருந்து வேண்டாம். அதிலும் ஈரமாகப் போட்டால் கெட்டுத்தான் போகும். மீதியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன், அதாவது சரக்கை ஈடாக வைத்து வாங்கும் கடன், கிடைக்குமா என்று கேளுங்கள். 1933-ல் இந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த அதே வகை மூச்சுவிடும் நேரம்தான் அது.

ஈரமானி வாங்கும் வரை உப்பை வைத்துப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கை வறுத்த பொடி உப்பு, அதன் மேல் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம் போட்டு, மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் 15-க்கு மேல் இருக்கிறது, மறுபடியும் களத்தில் விரியுங்கள். ஒட்டவில்லை என்றாலும் உடனே கட்டிவிட வேண்டாம், அது பதினைந்துக்குக் கீழே என்று மட்டும்தான் சொல்லும். இன்னும் ஓரிரு நாள் வெயில் காட்டிவிட்டு மூட்டை பிடியுங்கள்.