கணினிக் கேள்வி பதில்: தீம் கோப்புறை காலியாகப் போனது ஏன்?

கேள்வி: தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்கான இணையத்தளம் ஒன்றை நானும் பினாங்கில் இருக்கும் நண்பரும் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். நிரல்கள் பகிரப்படும் கிட்ஹப் தளத்தில் கிடைத்த 'தீம்' (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுப்பு) ஒன்றை எங்கள் திட்டத்துக்குள்ளேயே 'குளோன்' செய்து (முழுமையாக நகலெடுத்து), 'கிட் ஆட்' கொடுத்துச் சேர்த்து, கமிட் செய்து (அந்த நிலையைப் பதிவாக்கி) அனுப்பினேன். என் கணினியில் தளம் சரியாக ஓடுகிறது. நண்பர் இறக்கிப் பார்த்தால் தீம் கோப்புறை காலியாக இருக்கிறது. காரணம் என்ன ஐயா?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: குளோன் செய்த தீமுக்குள், புள்ளியில் தொடங்கும் 'கிட்' (.git) என்னும் மறைவான கோப்புறை ஒன்று இருக்கிறது. அது இருப்பதால் அந்தத் தீம் கோப்புறையைத் தனிக் களஞ்சியமாகவே (தனக்கென மாற்ற வரலாறு கொண்ட கோப்புத் தொகுப்பாகவே) கிட் கருதுகிறது; ஆகவே அதிலுள்ள கோப்புகளைச் சேர்க்காமல், அந்தக் களஞ்சியம் அப்போது எந்தக் கமிட்டில் நிற்கிறதோ அந்தக் கமிட்டின் அடையாள எண்ணை மட்டும் உங்கள் களஞ்சியத்தில் பதிந்துகொள்கிறது. அந்தக் கமிட்டை எங்கிருந்து பெறுவது என்ற முகவரி எங்கும் எழுதப்படாததால், நண்பரின் கணினிக்கு வெறும் கோப்புறைதான் போய்ச் சேர்ந்தது. 2017இல் வந்த 2.14 பதிப்பு முதல், இப்படிச் சேர்க்கும்போதே கிட் எச்சரிக்கிறது. ஆனால் வேலையை நிறுத்துவதில்லை என்பதால், பலர் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

இதைச் சரிசெய்ய, 'கிட் ஆர்எம்' கட்டளையை 'கேச்டு' என்ற தெரிவுடன் (git rm --cached) அந்தக் கோப்புறைக்குக் கொடுங்கள். 'கேச்டு' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அது இருந்தால்தான் பதிவு மட்டும் நீங்கி, கோப்புகள் உங்கள் கணினியில் அப்படியே இருக்கும். பிறகு தீமுக்குள் இருக்கும் மறைவான கோப்புறையை நீக்கிவிட்டு, மீண்டும் 'கிட் ஆட்' கொடுக்கலாம். ஆனால் நீக்குவதற்கு முன், தீமுக்குள் நீங்களே ஏதேனும் கமிட் செய்திருக்கிறீர்களா என்று கட்டாயம் பாருங்கள். கோப்புகள் தப்பினாலும், வேறெங்கும் அனுப்பப்படாத அந்த வரலாறு முழுவதும் அழிந்துவிடும். அதை மீட்க வழியில்லை. ஆகவே முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீம் கோப்புகளை உருவாக்கியவர் வெளியிடும் திருத்தங்களை அவ்வப்போது பெற வேண்டுமானால், 'சப்மாட்யூல்' (ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொன்றை இணைப்பாக வைக்கும்) முறையில் சேர்க்கலாம். அப்போது முகவரியும் பதிவாகும். ஆனால் குளோன் செய்யும் ஒவ்வொருவரும் சப்மாட்யூலையும் சேர்த்து இறக்க வேண்டும். தீமில் நீங்கள் செய்யும் மாற்றங்களை அனுப்ப, உங்களுக்கு உரிமையுள்ள ஒரு களஞ்சியமும் தேவைப்படும். இருவர் நடத்தும் சிறிய தளத்துக்கு இந்தச் சுமை தேவையில்லை என்பதே என் கருத்து. கோப்புகளை நேரடியாகச் சேர்த்துக்கொண்டு, தீமின் உரிமக் கோப்பை மட்டும் நீக்காமல் வையுங்கள்.

அனுப்புவதற்கு முன், 'கிட் எல்எஸ் ஃபைல்ஸ்' கட்டளையை 'ஸ்டேஜ்' தெரிவுடன் (git ls-files --stage) கொடுத்துப் பாருங்கள். தீமின் பெயருக்கு எதிரே 160000 என்ற ஒரே வரி வந்தால் சிக்கல் தீரவில்லை. 100644 என்று தொடங்கி ஒவ்வொரு கோப்பும் தனித்தனி வரியாக வந்தால், தயங்காமல் கமிட் செய்து அனுப்பலாம்.