ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பல் பூத்துப்போகிறதே!

கேள்வி: எனக்கு வயது 28, மாநிறம். நெற்றியிலும் மூக்கிலும் எப்போதும் எண்ணெய் வழியும். கன்னம் மட்டும் வறண்டு இழுக்கும். ஆன்லைனில் நல்ல விலை கொடுத்து பளபளப்பில்லாத ஒரு மேட் ஃபவுண்டேஷன் வாங்கினேன். போட்டு முடித்ததுமே முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. மேலே டால்கம் பவுடர் போட்டால் இன்னும் மோசம். கொஞ்ச நேரத்தில் மூக்கோரம் திட்டுத் திட்டாகப் பிரிந்து, கண்ணுக்குக் கீழே கோடு விழுகிறது. ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம், அதிகாலை முகூர்த்தம். நானே மேக்கப் போட்டுக்கொள்ள ஆசை. எதை வாங்குவது, எப்படிப் போடுவது?
- வாசகி, கடலூர்

பதில்: முகம் சாம்பல் பூப்பதற்குக் காரணம் உங்கள் சருமம் இல்லை, நீங்கள் வாங்கிய ஷேடு. ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகள். வெளுப்பைத் தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. வெளுத்த ஷேடுகளில் இந்த வெள்ளைதான் அதிகம். அதை மாநிறத்தின் மேல் பூசினால், அடியில் இருக்கும் பழுப்பு மங்கிச் சாம்பலாகத் தெரியும். ரோஸ் சாயல் உள்ள ஷேடாக இருந்தால் இன்னும் எடுத்துக் காட்டும். அதன்மேல் போடும் டால்கம் பவுடரும் வெள்ளைதான், அதனால்தான் அது நிலைமையை மோசமாக்குகிறது. ‘கொஞ்சம் கலரா தெரியட்டும்’ என்று கடையில் ஒரு படி வெளுத்ததை எடுத்து நீட்டினால், தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் நிறத்துக்குப் பொருந்திய ஷேடு தரும் பளிச்சை வேறு எதுவும் தராது.

நம் ஊர் மாநிறத்தில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பொன் சாயல் இருக்கும். சிலருக்கு லேசாகப் பச்சை கலந்த ஆலிவ் சாயல். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் முறை நம் நிறத்துக்கு அவ்வளவாக உதவாது. ஷேடு பெயரில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலான பிராண்டுகளில் ‘டபிள்யூ’ என்றால் வார்ம் (மஞ்சள் சாயல்), ‘சி’ என்றால் கூல் (ரோஸ் சாயல்), ‘என்’ என்றால் நியூட்ரல் (இரண்டுக்கும் நடு). மேக் நிறுவனத்தின் வழக்கம் மட்டும் வேறு: அங்கே மஞ்சள் சாயலுக்கு ‘என்சி’, ரோஸ் சாயலுக்கு ‘என்டபிள்யூ’. இது தெரியாமல் மாற்றி வாங்குகிறவர்கள் நிறைய.

கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். கையில் தடவிப் பார்ப்பதில் பயன் இல்லை, கையின் நிறம் வேறு. உங்கள் நிறத்துக்கு அருகில் வரும் மூன்று ஷேடுகளை, தாடையிலிருந்து கழுத்தை நோக்கி விரல் அகலக் கோடுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இழுங்கள். கடையின் விளக்கில் முடிவு செய்யாமல் வெளியே வந்து, 15 நிமிடம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறதோ அதுதான் உங்களுடையது. இந்தக் காத்திருப்பு அவசியம். சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்து, சருமத்தின் எண்ணெயோடு கலந்ததும் அரைப் படி கறுத்து ஆரஞ்சு அடிக்கும். நலங்குக்கோ குளியலுக்கோ மஞ்சள் பூசிய இரண்டு நாளைக்குள் ஷேடு பார்க்கப் போகாதீர்கள், கணிப்பு தவறிவிடும். நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிடக் கறுத்திருப்பது நம்மில் பலருக்கு இயல்பு. ஷேடைத் தாடைக்கும் கழுத்துக்கும் பொருத்துங்கள், நெற்றிக்குப் பொருத்த வேண்டாம்.

அடுத்து, சரும வகை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் காம்பினேஷன் ஸ்கின்தான். உறுதி செய்துகொள்ள, மிதமான ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விட்டு, டிஷ்யூவை நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். எண்ணெய் எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். முழு முகமும் எண்ணெய் என்றால் ஆயில் ஃப்ரீ மேட், முழுக்க வறட்சி என்றால் ஈரப்பதம் தரும் லிக்விட் அல்லது க்ரீம். உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாட்டின் அல்லது நேச்சுரல் ஃபினிஷ் சரி. முழு மேட் உங்கள் கன்னத்து வறட்சியைப் பிடித்துக்கொண்டு உரியும். பருவும் வருமானால் பாட்டிலில் ‘நான்-காமெடோஜெனிக்’ (சருமத் துளைகளை அடைக்காதது) என்று இருக்கிறதா பாருங்கள். எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

மூக்கோரம் பிரிவதற்கு, ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் பிரைமரும் காரணமாக இருக்கலாம். அதில் சிலிக்கோனும் ஃபவுண்டேஷனில் தண்ணீரும் பிரதானமாக இருந்தால், இரண்டும் ஒட்டாமல் உருண்டு திரளும். பொருள் பட்டியலின் முதல் சில பெயர்களில் ‘டைமெத்திகோன்’, ‘சைக்ளோபென்டாசிலாக்ஸேன்’ போன்றவை இருந்தால் சிலிக்கோன் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். சுலபமான சோதனை: இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் குழையுங்கள். மென்மையாகக் கலந்தால் சேரும், தயிர் திரிந்தாற்போல் பிரிந்தால் சேராது. மூக்கோரத்தில் எப்போதும் செதில் உதிர்ந்து, சிவந்து, அரிப்பும் இருந்தால் அது மேக்கப் சமாச்சாரம் இல்லை. ஸ்க்ரப் போட்டுத் தேய்க்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி போடும் முறை. முகம் கழுவியதும் கன்னத்தில் மாய்ஸ்ச்சரைசரைத் தாராளமாகவும் நெற்றி, மூக்கில் பேருக்கும் தடவி, ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு சன்ஸ்கிரீன் போட்டு 10 முதல் 15 நிமிடம் பொறுங்கள். இந்த இடைவெளியைத் தவிர்த்தால்தான் எல்லாம் ஒன்றாக வழுக்கும். புடவையை அதற்குள் கட்டிவிடலாம். பிரைமர் அரைப் பட்டாணி அளவு, நெற்றி நடுவிலும் மூக்கிலும் மட்டும், விரலால் அழுத்தி. கன்னத்துக்கு வேண்டாம்.

ஃபவுண்டேஷன் ஒரு பட்டாணி அளவு போதும். தேவைப்பட்டால் பிறகு இன்னொரு பாதி. நேராக முகத்தில் பொட்டுப் பொட்டாக வைக்காமல் புறங்கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சை முழுக்க நனைத்து, ஒரு துண்டில் சுற்றிச் சொட்டு நீர்கூட இல்லாமல் பிழியுங்கள். மூக்கை ஒட்டிய கன்னத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக ஒற்றிக்கொண்டே போங்கள். இழுத்துத் தேய்த்தால் அடியில் போட்டதும் சேர்ந்து பெயரும். ஸ்பாஞ்சில் மிச்சம் இருப்பதை நெற்றிக்கு, கடைசியாகக் கூர் முனையால் மூக்கோரத்துக்கு. அங்கே எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வாயோரக் கருமை தெரிந்தால் இன்னொரு கோட்டிங் ஏற்ற வேண்டாம். ஃபவுண்டேஷனுக்கு முன்பே, கருமையை மட்டுப்படுத்தும் ஆரஞ்சு கரெக்டரை ஓர் அரிசி மணி அளவு எடுத்து அந்த இடத்தில் ஒற்றிவிடுங்கள்.

கண்ணுக்குக் கீழே கோடு விழுவது அளவு கூடுவதால். அங்கே ஃபவுண்டேஷன் வேண்டாம்; கன்சீலர் மட்டும், அதுவும் மூக்கை ஒட்டிய உள் மூலையில் ஒரு சிறு புள்ளி. கண்ணை மேலே உயர்த்திப் பார்த்துக்கொண்டு ஸ்பாஞ்சால் ஒற்றி, ஒரு நிமிடம் விடுங்கள். கோடு சேர்ந்திருந்தால் விரலால் தட்டிச் சமன் செய்த உடனே துளி லூஸ் பவுடர். மற்றபடி பவுடர் நெற்றி, மூக்கு, முகவாய்க்கு மட்டும், பஃப்பால் அழுத்தி.

கல்யாண வீட்டுக்கென்று சில எச்சரிக்கைகள். சிலிக்கா அதிகமுள்ள வெள்ளை லூஸ் பவுடரும், ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு சார்ந்த சன்ஸ்கிரீனும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெள்ளையாகக் காட்டக்கூடும். முழுதாகப் போட்டுக்கொண்டு, இருட்டறையில் போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியோரம் இறங்கினால் எந்த ஃபவுண்டேஷனும் அங்கே நிற்காது. முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட்டு, காலையில் முடியோரத்தை மைசெல்லார் வாட்டரால் (எண்ணெயையும் மேக்கப்பையும் துடைத்தெடுக்கும் திரவம்) துடைத்துவிடுங்கள். த்ரெடிங்கை மூன்று நாள் முன்பும், ஃபேஷியலை ஒரு வாரம் முன்பும் முடித்துவிடுங்கள். இரண்டு வாரம் முன்னதாக ஒரு நாள் இதையெல்லாம் போட்டுக்கொண்டு, அடுப்படியில் நின்று வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். எங்கே முதலில் பிரிகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

ஹோமப் புகையிலும் கடலோரப் புழுக்கத்திலும் வியர்க்காமல் இருக்காது. கைக்குட்டையால் துடைக்காதீர்கள், டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். வியர்வையும் எண்ணெயும் போன பிறகே உங்கள் நிறத்துக் காம்பாக்டைத் தொட வேண்டும். எண்ணெய்ப் பசைமேல் பவுடர் போட்டால் அப்பிக்கொண்டு திட்டாகும். இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் க்ளென்சிங் பாம் அல்லது மைசெல்லார் வாட்டரால் முதலில் மேக்கப்பைக் கரைத்து எடுத்து, பிறகு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். ஸ்பாஞ்சையும் அன்றே சோப்பில் அலசி, காற்றாட உலர்த்துங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.